முதல் பதிப்பு என்றால் உடனே நம்பாதீர்கள்: இங்கிலாந்தில் பழைய புராக் எல்.பி. வாங்கும் வழி

புரோகிரெசிவ் ராக், சுருக்கமாகப் புராக், என்ற ராக் இசை வகையைச் சேர்ந்த யெஸ் குழுவின் 'ஃப்ரஜைல்' ஆல்பம், எல்.பி. இசைத்தட்டு. அதற்கு 65 பவுண்டு கொடுத்தேன். "1971, முதல் பதிப்பு, அருமையான நிலை" என்று இணையத்தில் விற்றவர் எழுதியிருந்தார். பார்சலைப் பிரித்தால் லேபிளில் கே 50009 என்று இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சந்தோஷமாக அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ரெக்கார்டு சந்தையில் அதே ஆல்பத்தின் அசல் முதல் பதிப்பைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. 1971 நவம்பரில் வந்த பிரிட்டிஷ் பதிப்பின் எண் 2401 019. கே என்று தொடங்கும் வரிசை அதற்குப் பிறகு வந்தது. அசலோடு வர வேண்டிய சிறு புத்தகமும் என்னுடையதில் இல்லை. அதே கே பதிப்பு அந்தச் சந்தையின் இன்னொரு மேசையில் 12 பவுண்டுக்குக் கிடந்தது.

அந்த 53 பவுண்டு வயிற்றெரிச்சலில் கற்றதைத்தான் எழுதுகிறேன். யார் எந்தக் குழுவை எப்போது தொடங்கினார்கள், யார் யாரோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்ற கதையெல்லாம் இதில் வராது. கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃப்ளாய்ட், ஜென்டில் ஜயன்ட் என்று கேட்டு மயங்கி, "ஒன்றாவது அசலாக வாங்க வேண்டும்" என்று கை பரபரக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

1. முதலில் எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஆல்பம் மூன்று வகையாகக் கிடைக்கும். முதலாவது, வெளியான ஆண்டிலேயே அச்சான முதல் பதிப்பு. இரண்டாவது, அதே எழுபதுகளில் திரும்பத் திரும்ப அச்சடித்த மறுபதிப்பு. மூன்றாவது, இன்று கடையில் சீல் பிரிக்காமல் கிடைக்கும் 180 கிராம் புதுத் தட்டு.

நான் பார்த்த வரையில் எழுபதுகளின் மறுபதிப்புகள் 10 முதல் 25 பவுண்டுக்கும், புதுத் தட்டுகள் 25 முதல் 35 பவுண்டுக்கும் கிடைக்கின்றன. முதல் பதிப்பின் விலை ஆல்பத்தைப் பொறுத்தது. ஜெனிசிஸின் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' 1973இல் நன்றாக விற்ற ஆல்பம், அதனால் நல்ல நிலையிலேயே 30, 40 பவுண்டுக்குள் பிடித்துவிடலாம். ஜென்டில் ஜயன்டின் 1970 முதல் ஆல்பம் அன்றைக்கு அவ்வளவாக விற்கவில்லை, அதனால் இன்று மூன்று இலக்கத்தில் நிற்கிறது.

இசை கேட்பதுதான் நோக்கம் என்றால் எழுபதுகளின் மறுபதிப்பே போதும் என்பது என் கட்சி. பல சமயம் முதல் பதிப்புக்காகப் பள்ளம் வெட்டிய அதே மூலத் தட்டிலிருந்துதான் அதுவும் வந்திருக்கும், விலையோ மூன்றில் ஒரு பங்கு.

புதுத் தட்டில் ஒரு பொறி உண்டு. அது பழைய கலவையா (குரலையும் கருவிகளையும் சேர்த்த விதம்), புதுக் கலவையா என்று பார்த்து வாங்குங்கள். கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல், கேரவன், ஜென்டில் ஜயன்ட் ஆல்பங்கள் பலவற்றை ஸ்டீவன் வில்சன் பழைய டேப்புகளிலிருந்து மறுபடி கலந்திருக்கிறார். ஜெனிசிஸுக்கு அந்த வேலையை நிக் டேவிஸ் செய்தார். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய டிரம் ஓசை வேறு இடத்திலிருந்து வந்தால் திடுக்கென்றிருக்கும். உறையின் பின்பக்கத்தில் 'ரீமிக்ஸ்' என்ற சொல் சின்ன எழுத்தில்தான் இருக்கும், தேடிப் படியுங்கள்.

2. கம்பெனி லேபிளை அடையாளம் காணப் பழகுங்கள்

விற்பவர் சொல்லும் ஆண்டை விட்டுவிடுங்கள். பின்னட்டையில் அச்சான ஆண்டையும் நம்ப வேண்டாம், மறுபதிப்பிலும் அதே 1971தான் இருக்கும். நடுவில் ஒட்டிய வட்ட லேபிள்தான் முதல் சாட்சி. ஐந்து கம்பெனிகளைத் தெரிந்துகொண்டால் ஆங்கில புராக்கில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

ஐலண்ட்: கிங் கிரிம்சனின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969 அக்டோபரில் வந்தது, எண் ஐ.எல்.பி.எஸ். 9111. அசலின் லேபிள் முழுக்க இளஞ்சிவப்பு. ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு வளையமும் நடுவில் பனைமரப் படமும் இருந்தால் அது எழுபதுகளின் பதிப்பு. பாலிடார் பெயர் இருந்தால் இன்னும் பிந்தியது.

கரிஸ்மா: ஜெனிசிஸின் 'டிரெஸ்பாஸ்' (1970), 'நர்சரி கிரைம்' (1971) இரண்டும் முதலில் இளஞ்சிவப்பு லேபிளில் வந்தவை. 1972இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' அசலிலேயே தொப்பிக்காரர் படம் போட்ட லேபிள். தொப்பிக்காரர் லேபிளோடு இருக்கும் 'டிரெஸ்பாஸ்' கண்ணில் பட்டால் அது முதல் பதிப்பு கிடையாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

வெர்டிகோ: கறுப்பு வெள்ளைச் சுழல் படம். முதல் பக்கத்தின் லேபிளில் எழுத்துக்கு இடமே இல்லாமல் சுழல் மட்டும் இருக்கும், இரண்டு பக்கப் பாட்டுகளின் பெயரும் மறுபக்கத்தில் இருக்கும். தட்டு சுற்றும்போது அதை உற்றுப் பார்த்தால் தலை சுற்றும். (என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.) 1973இல் சுழல் போய், ரோஜர் டீன் வரைந்த விண்கலம் வந்தது. ஜென்டில் ஜயன்டின் 'ஆக்டோபஸ்' 1972 டிசம்பரில் வந்ததால் அசலில் சுழல் இருக்க வேண்டும். இந்தச் சுழலுக்காகவே விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும்.

ஹார்வெஸ்ட்: பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973 மார்ச், எஸ்.எச்.வி.எல். 804. முதல் அச்சில் கறுப்பு லேபிளின் முக்கோணம் முழுக்க நீலம் நிரம்பியிருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் நீலக் கோடு மட்டும், உள்ளே காலி. நிரம்பிய முக்கோணத்துக்குப் பல நூறு பவுண்டு கேட்பார்கள், கோடு போட்டது 20, 30 பவுண்டுக்குக் கிடைக்கும். வித்தியாசம் ஒரு சொட்டு நீல மை.

அட்லாண்டிக்: என் கதையைத்தான் மேலே படித்தீர்களே. 2400, 2401 என்று தொடங்கினால் முந்தையது. கே வரிசை பிந்தையது. ஆனால் 1972 செப்டம்பரில் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' அசலே கே 50012தான். ஆக "கே என்றால் போலி" என்று இன்னொரு கோடிக்கும் போய்விடாதீர்கள்.

3. வளையத்தில் கீறியிருப்பதைப் படியுங்கள்

பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். இங்கே எல்லோரும் 'டெட் வாக்ஸ்' என்பார்கள். அதில் கீறியோ குத்தியோ இருப்பதுதான் மேட்ரிக்ஸ் எண். லேபிள் பொய் சொன்னாலும் இது சொல்லாது.

படிக்கச் சின்ன டார்ச் வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டைக் கண் மட்டத்துக்குச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி மெல்லத் திருப்புங்கள், எழுத்து எழும்பி வரும். கேட்லாக் எண் (லேபிளில் பார்த்த ஆல்பம் எண்), பிறகு பக்கத்தைக் குறிக்கும் ஏ அல்லது பி, அதற்கப்புறம் ஒரு எண். அந்தக் கடைசி எண் சிறியதாக இருந்தால் முந்தைய வெட்டு என்று பொதுவாகச் சொல்லலாம். எல்லாவற்றிலும் 1 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீல முக்கோணத் தட்டின் அசலிலேயே ஏ2, பி2தான்.

ஹார்வெஸ்ட் போன்ற ஈ.எம்.ஐ. கம்பெனித் தட்டுகளில் கூடுதலாக ஒரு விளையாட்டு உண்டு. மேட்ரிக்ஸ் எண்ணை ஆறு மணி இடத்தில் வைத்துப் பிடியுங்கள். ஒன்பது மணியில் ஒரு எண் இருக்கும், அது எந்தத் தாய்த் தகட்டிலிருந்து வந்தது என்பது. மூன்று மணியில் ஒன்றிரண்டு எழுத்துகள் இருக்கும், அது எத்தனையாவது அச்சுத் தகடு (தட்டை அழுத்தி எடுப்பது) என்பது. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. 'ஆர்.ஓ.' என்று இருந்தால் 25ஆம் தகடு. முதல்முறை இதை நானே பிரித்துப் படித்த இரவில் காப்பி ஆறிப்போனது.

சில தட்டுகளில் எண்களுக்குப் பக்கத்தில் 'போர்க்கி' என்று கையால் கீறியிருக்கும். அது ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுநரின் கையொப்பம். அவர் வெட்டியவை ஓசைக்குப் பெயர் பெற்றவை, பார்த்தால் விடாதீர்கள்.

எண்ணைப் படித்ததும், இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதே ஆல்பத்தின் பதிப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். விற்பவர் அங்கே பட்டியலிட்ட பதிப்பும் அவர் கையில் இருப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோம்பலில் முதலில் வந்த வரியைச் சொடுக்கிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். "இரண்டு பக்க லேபிள் படமும், வளையத்தில் இருப்பதை எழுத்து எழுத்தாகவும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தத் தட்டை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, பார்கோடு. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த உறையில் பார்கோடு இருக்கவே இருக்காது. இருந்தால் மற்ற எதையும் சோதிக்கத் தேவையில்லை.

4. உறைக்குள் என்னென்ன வர வேண்டும்

இந்தக் குழுக்களுக்குத் தட்டோடு எதையாவது கொடுத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. காலப்போக்கில் முதலில் காணாமல்போவது அவைதான், விலையில் பாதியும் அவற்றுக்குத்தான்.

'டார்க் சைட்' என்றால் இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர். 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) என்றால் ஒரு அஞ்சலட்டை. கறுப்பு பிளாஸ்டிக் மேலுறையும் ஸ்டிக்கரும் பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம். ஜெத்ரோ டல்லின் 'ஸ்டாண்ட் அப்' (1969) உறையை விரித்தால் குழுவினர் நால்வரும் அட்டைப் படமாக எழுந்து நிற்பார்கள், மடிப்பில் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'திக் ஆஸ் எ பிரிக்' (1972) உறையே 12 பக்கச் செய்தித்தாள், பக்கங்களை எண்ணிவிடுங்கள். எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி' (1973) உறை நடுவில் கதவுபோலத் திறக்கும், உள்ளே போஸ்டர் இருக்க வேண்டும். ஹாக்விண்டின் 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' (1971) என்றால் 'லாக் புக்' என்ற சிறு நூல்.

விளம்பரத்தில் "முழுமையானது" என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி "இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும், பின்னால் உதவும்.

நேரில் வாங்குவதானால் முகர்ந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். சந்தையில் ஒரு வயதான வியாபாரி நான் எடுத்த 'பான் ஹார்ட்ஸ்' (வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ஆல்பம்) உறையை என் கையிலிருந்து வாங்கி, வாயைத் திறந்து, "கொஞ்சம் மூக்கை வையுங்க" என்றார். பழைய குடை நாற்றம். "இது பூஞ்சை. இதை நீங்க எடுத்துட்டுப் போனா உங்க அலமாரியில இருக்கிற எல்லாத்துக்கும் பரவும்" என்று சொல்லி, தன் மேசைச் சரக்கையே பெட்டிக்கடியில் திருப்பி வைத்துவிட்டார்.

5. தர எழுத்துகள்: 'வெரி குட்' என்பது நன்றாக இல்லை என்று பொருள்

புதிதாக வருகிறவர்களுக்கு மிகப் பெரிய குழி இது. தரம் சொல்ல இரண்டு அளவுகோல்கள் புழங்குகின்றன. அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் முறையில் மின்ட், நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., பிறகு குட் என்று இறங்கும். பிரிட்டிஷ் முறையில் மின்டுக்கு அடுத்து எக்ஸலண்ட், அதற்கு அடுத்தே வி.ஜி. இரண்டிலும் வெறும் வி.ஜி. என்றால் கீறல் தெரியும், சத்தமும் கேட்கும். 'குட்' என்றால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

மற்ற இசைக்கு வி.ஜி. ஓடிவிடும். ஹார்ட் ராக்கின் இரைச்சலில் நாலு பொரிச்சல் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? புராக் அப்படிப்பட்டதல்ல. பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' பாட்டு தொடங்கும்போது வெறும் ஒற்றை ஒலித்துளி, பிறகு மௌனம், மறுபடி ஒரு துளி. கிங் கிரிம்சனின் 'கோர்ட்' ஆல்பத்தில் வரும் 'மூன்சைல்ட்' 12 நிமிடப் பாட்டு. முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு யாரோ அடுத்த அறையில் பாத்திரம் அடுக்குவதுபோல அவ்வளவு மெல்லிய ஓசை. அந்த மௌனத்தில் பட் பட்டென்று கீறல் கேட்டால் ஊசியைத் தூக்கிவிடத் தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. 'ஃபாக்ஸ்ட்ராட்' இரண்டாம் பக்கத்தில் 'சப்பர்ஸ் ரெடி' மட்டுமே ஏறத்தாழ 23 நிமிடம். ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரத்தை அடைத்தால் பள்ளங்களை நெருக்கி, ஓசையைத் தாழ்த்தி வெட்ட வேண்டியிருக்கும். ஓசை தாழ்ந்தால் கீறல் சத்தம் அதற்கு மேலே நிற்கும். பாட்டின் உச்சமோ பக்கத்தின் கடைசியில், லேபிளுக்கு அருகில் வருகிறது. தேய்ந்த தட்டில் ஓசை முதலில் கரகரப்பதும் அங்கேதான்.

ஆகவே விற்பவரிடம் "ஓட்டிப் பார்த்துத் தரம் சொன்னீர்களா, கண்ணால் பார்த்தா?" என்று கேளுங்கள். ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னால் மேலே சொன்ன மெல்லிய இடத்தைப் பற்றிக் கேளுங்கள். வி.ஜி. நிலை முதல் பதிப்புக்கும் எக்ஸலண்ட் நிலை மறுபதிப்புக்கும் ஒரே விலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மறுபதிப்பை எடுப்பேன்.

6. எங்கே, எப்போது

லண்டனில் சோஹோவின் பெர்விக் தெருவில் தொடங்குங்கள், பழைய தட்டுக் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. கடை விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். முதல் மூன்று தட்டுகளையாவது கடையில் வாங்குங்கள். நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கடைகளில் 'செல்லிங் இங்கிலாந்து' அளவுக்குப் பரவலானவை அவ்வப்போது வரும், சுழல் லேபிள் வராது. வந்தாலும் அவர்களுக்கே இப்போது விலை தெரியும்.

ரெக்கார்டு சந்தைகளில் விடிந்ததும் நுழைய ஒரு கட்டணம், பத்து மணிக்கு மேல் குறைந்த கட்டணம் அல்லது இலவசம் என்று வைப்பார்கள். அரிதானது வேண்டுமென்றால் காலையில் போங்கள். பேரம் வேண்டுமென்றால் கடைசி ஒரு மணி நேரத்தில் போங்கள். பெட்டியைத் திரும்பத் தூக்கிப் போக யாருக்கும் மனம் இருக்காது. இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுத்து, மொத்தமாக ஒரு விலை கேளுங்கள். ரொக்கமாகக் கொண்டு போங்கள்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வசந்தத்திலும் நவம்பரிலும் நடக்கும் சந்தைக்குப் போகிறவர்களும் உண்டு. போனால் ஒரு கணக்கை மறக்காதீர்கள். திரும்பி வரும்போது சுங்கமில்லாமல் கொண்டுவர அனுமதி 390 பவுண்டு மதிப்பு வரைதான். அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள், முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். வாங்கிய ரசீதுகளைக் கையில் வைத்திருங்கள்.

7. பணம் கட்டும்போது

பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்று அனுப்பச் சொல்லி, ஐந்து பவுண்டு குறைக்கிறேன் என்பார்கள். அனுப்பாதீர்கள். அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. சரக்கு வாங்கும் வழியில் கட்டினால் 180 நாளுக்குள் முறையிடலாம். எனக்கு 'ஃப்ரஜைல்' பணம் திரும்ப வராததற்குக் காரணம் அந்த ஐந்து பவுண்டு ஆசைதான்.

விற்பவர் வியாபாரியாக இருந்து, நீங்கள் இணையத்தில் வாங்கியிருந்தால், தட்டு கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை பிரிட்டிஷ் சட்டத்தில் உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது மட்டும் உண்டு. அதற்குத்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன்.

ஒரே தட்டு 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டுங்கள். நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும். நடுவில் வேறொரு பணச் சேவை புகுந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (விற்றதும் மறைந்துவிடும்), கேள்வி பதில்கள், ரசீது, தபால் கண்காணிப்பு எண்.

8. தபாலும் சுங்கமும்

அனுப்புகிறவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தட்டை உறைக்கு வெளியே எடுத்து, பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் பெட்டி விழும்போது தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஐம்பது வருடம் பிழைத்த உறை ஒரு வாரப் பயணத்தில் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு, தபால் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். சரக்கு மதிப்பு 135 பவுண்டு வரை என்றால் வாங்கும்போதே வாட் பிடிக்கப்படும். அதற்கு மேல் என்றால் இங்கே வந்த பிறகு கட்ட வேண்டும், தபால் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்க்கும். "பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்" என்று சிலர் தாராளம் காட்டுவார்கள். பரிசுக்கான வரிவிலக்கு 39 பவுண்டு வரைதான், அதுவும் நிஜமான பரிசுக்கு. பொய்யாக எழுதிய பார்சல் தொலைந்தால் எழுதிய தொகைக்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது.

9. வந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். லேபிள், வளையம், உள்ளிருப்புகளை விற்பவர் சொன்னதோடு சரிபாருங்கள். தட்டை டர்ன்டேபிளில் வைத்து விளிம்பைக் கண் மட்டத்தில் பாருங்கள், அலைபோல ஏறி இறங்கினால் வளைந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் முழுக்க ஓட்டுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே எழுதுங்கள், மூன்று மாதம் ஆறப்போடாதீர்கள்.

பழைய காகித உள்ளுறையைத் தனியே பத்திரப்படுத்தி, தட்டைப் புது உள்ளுறைக்கு மாற்றுங்கள். சுழல் படம் அச்சான வெர்டிகோ உள்ளுறைக்கே தனி விலை உண்டு, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசியாக, வெளியே கெட்டியான, பளபளவென்று லேசாக ஒட்டும் பி.வி.சி. உறை போட்டு வந்திருந்தால் உடனே கழற்றுங்கள். வருடக் கணக்கில் அதில் கிடந்த தட்டின் மேல் பால் சிந்தியதுபோல ஒரு மங்கல் படரும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. சாதாரண பாலித்தீன் உறை போதும்.